ரெண்டும் பொண்ணு வீடு

பவானிக்குக் கோபம் வந்தால் வாய் ஓய்ந்த பிறகு கை ஆரம்பிக்கும். உட்கார்ந்து மனு எழுதிவிடுவாள். ஓடைக்கரைப்பட்டியில் தெருவிளக்கு எரியாததற்கு மூன்று மனு, சாக்கடை அள்ளாததற்கு ஐந்து மனு. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லாததற்கு ஒரே ஒரு மனுதான். அதில் இருந்த வார்த்தைகளைப் படித்தவர்கள் மறுநாளே கதவை மாட்டிவிட்டார்கள்.

சின்னமனூர் ரோட்டில், ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே அவளுடைய இ-சேவை மையம். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டாவும் பென்ஷனும் அவள் கையால்தான் வந்தன. அவள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள். பி.காம். பட்டம் வாங்கியபோது அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள். மாட்டினால் பெண் பார்க்க வருகிறவர்கள் படித்துப் பார்ப்பார்கள் என்று பீரோவுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள்.

மையத்துக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அங்கே அவளும் திரிஷாவும் இருந்தார்கள். திரிஷா சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா மேகமலையில் தேயிலைக்கொழுந்து பறிக்கிறாள். தாய்மாமன் சுருளி வீட்டில் வளர்ந்த பிள்ளை. பவானி பேசிக்கொண்டே இருப்பாள், திரிஷா கேட்டுக்கொண்டே இருப்பாள், கடைசியில் திரிஷா நினைத்ததுதான் நடக்கும். ஊர் முதல் வருஷம் அவர்களைக் கூட்டாளிகள் என்றது. இரண்டாவது வருஷம் சும்மா இருந்தது. மூன்றாவது வருஷம் பேச ஆரம்பித்தது.

பேச்சு மாடியின் சொந்தக்காரர் காதுக்கும் போனது. அவர் சின்னக்கருப்பு. ஊராட்சித் தலைவர் முத்துலட்சுமியின் கணவர். பலகையில் முத்துலட்சுமி பெயர் இருக்கும், நாற்காலியில் சின்னக்கருப்பு இருப்பார். நான்கு வருஷமாக அப்படித்தான். பொங்கல் முடிந்த மறுநாள் அவர் மையத்துக்கு வந்தார், ஒரு மரியாதைக்கு ஆதார் கார்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார், அதைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் இல்லத்தா. ஊரு ஏத்துக்கணும்ல. ஊரு சரின்னு சொல்லட்டும், நீங்க நூறு வருசம் இருங்க. இல்லையா, தை கடைசிக்குள்ள மாடியக் காலி பண்ணிருங்க.”

திரிஷாவுக்கு இதைக் கேட்டு அழுகை வரவில்லை, அலுப்பு வந்தது. கோயம்புத்தூரில் வேலை கிடைக்கும், ரூம் பார்ப்போம், அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது என்றாள். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மேகமலை ஏறி அம்மாவைப் பார்க்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பவானிக்கு வேறொன்றும் தெரியும். அவள் இந்த ஊரை விட்டுப் போனால் செத்தாலும் திரும்பி வரமாட்டாள். அவள் கோபத்தின் குணம் அப்படி. அவளுக்கோ இந்த ஊரில் இருக்க ஆசை. யாருக்கும் சொல்லாத ஆசை.

“நான் என்ன தேங்காயத் திருடிட்டா ஓடுறேன்?” என்றாள் பவானி. பிறகு, சின்னக்கருப்பு சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஊரு சரின்னு சொல்லட்டும். சரி, ஊர் என்றால் எது? டீக்கடையா, கோயில் வாசலா? சட்டப்படி ஊர் என்றால் கிராம சபை. ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராம சபை கூடுகிறது. அதில் யார் வேண்டுமானாலும் தீர்மானம் கேட்கலாம்.

கேட்பதற்கு விஷயமும் தயாராக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் டெல்லியில் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் போடுவது எங்கள் வேலை இல்லை, பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லியிருந்தது. அன்றைக்கு அவள் செல்போனைக் கட்டிலில் எறிந்தாள். இப்போது மூன்றே வரியில் எழுதினாள்: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விரும்பினால் மணம் செய்துகொள்ளச் சட்டம் இயற்றும்படி பாராளுமன்றத்தை இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது. டெல்லியில் அந்தக் காகிதம் எந்த மேசைக்கும் போய்ச் சேராது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதிரே இருக்கிற ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

படித்துப் பார்த்த திரிஷா, தான் அன்றைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். லீவு நாள்தானே என்றதற்கு, சர்க்கரை நோய்க்கு லீவு கிடையாது என்றாள். பயந்திருக்கிறாள் என்று பவானி விட்டுவிட்டாள்.

கிராம சபைக்கு ஆள் சேர்ப்பது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். ஆம்பிளைகள் வரமாட்டார்கள், வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாயோடு போய்விடுவார்கள். கூட்டம் செல்லுபடியாக நூறு தலை வேண்டும். அதனால் நூறு நாள் வேலை பார்க்கிற பெண்களை வரச்சொல்லி உட்கார வைப்பார்கள். கொடியேற்றம் முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் அவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நான்காவது வரிசையில் சோணையம்மாள் இருந்தாள். பவானியின் அம்மா. மகள் மாடிக்குக் குடிபோன நாளிலிருந்து மகளோடு பேச்சு கிடையாது. இ-சேவை மையத்தைத் தாண்டிப் போகும்போது முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் தினமும் அந்த வழியாகத்தான் போவாள், வேறு கிட்டத்துப் பாதை இருந்தும்.

ஊராட்சிச் செயலர் மாரிசெல்வம் தீர்மானங்களை எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி வாசித்தார். கொசு ஒழிப்பு, குடிநீர்க் குழாய், பிளாஸ்டிக் பை. எல்லாவற்றுக்கும் பெண்கள் தலையாட்டினார்கள். மேடையில் முத்துலட்சுமி நடு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக்கருப்பு மைக்கைப் பிடித்திருந்தார். ‘இதர பொருள்’ என்று செயலர் சொல்லி வாயை மூடுமுன் பவானி எழுந்து, தன் மூன்று வரியை வாசித்தாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. செயலர் மறுபடி வாசித்தார். அப்போது விளங்கிவிட்டது.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததைப் பேச்சு என்று சொல்வதா சந்தை என்று சொல்வதா தெரியவில்லை. இது சீமைப் பழக்கம் என்றார் ஒருவர். அவர் போட்டிருந்த பேண்ட்டைக் காட்டி, இது எந்தச் சீமை என்று கேட்டாள் ஒருத்தி. வாரிசு எப்படி வரும் என்று ஒரு கேள்வி. வாரிசு வந்த வீட்டு லட்சணம் தெரியாதா என்று ஒரு பதில். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற ஒருத்தி, அங்கன ரெண்டு சேச்சிமார் ஒரே வீட்டில் பத்து வருஷமாக இருக்காக, கோழி வளர்க்காக, சண்டை போட்டுக்கிடுறாக, மத்த குடும்பம் மாதிரியேதான் என்றாள். இப்போதே கல்யாணங்களுக்கு மண்டபம் கிடைக்கவில்லை, இதுவும் சேர்ந்தால் என்ன ஆவது என்று ஒரு பெரியவர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

பவானியின் தாய்மாமன் அம்மாவாசி எழுந்தார். வாழைத் தோட்டக்காரர். நம் பழக்கத்தில் இல்லாததற்குத் தீர்மானம் போட்டால் நாளைக்குப் பேரன் பேத்தி காறித் துப்பும் என்றார். அவர் உட்காருமுன் திரிஷாவின் மாமன் சுருளி எழுந்து, அம்மாவாசி சொல்வது சரிதான் என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். பதினைந்து வருஷமாக ஒருவர் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றால் மற்றவர் காலண்டரையே மாற்றுவார். அவர்கள் ஒத்துப்போவதைப் பார்த்ததும், விஷயம் முடிந்தது என்று சின்னக்கருப்பு மைக்கை இழுத்துக்கொண்டார்.

“நம்ம ஊர்ல இல்லாத விசயத்துக்கு எதுக்குத்தா தீர்மானம்?”

“இருக்கே பெரியப்பா,” என்றாள் பவானி. “நானும் திரிஷாவும் இருக்கோம்ல.”

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்த விஷயத்தை ஒருத்தி வாயைத் திறந்து சொன்னால் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று ஊருக்குத் தெரியாது. பவானி அம்மாவின் பக்கம் பார்க்கக் கூடாது என்று சுவரில் இருந்த டெங்கு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, கிண்டலாகத்தானா இல்லையா என்று சொல்ல முடியாத குரலில் கேட்டாள்.

“ஏப்பா, ரெண்டு பிள்ளைகளுக்கும் என்ன முறை?”

கேட்கக் கூடாத இடத்தில் கேட்கப்பட்ட கேள்வி. ஆனால் இந்தப் பக்கத்து ஆம்பிளையிடம் முறை என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். பங்காளி வகையறா என்றால் அண்ணன் தங்கச்சி, கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. மாமன் மச்சான் வகையறா என்றால் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம்.

“கட்டிக்கிற முறைதான்,” என்றார் சுருளி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி வரிசைக்காரி விடவில்லை.

“முறை சரியா இருக்குல்ல. அப்ப எது மாப்பிள்ளை வீடு?”

அம்மாவாசி இதற்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தால் தீர்மானம் அங்கேயே செத்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது சுருளி. சுருளி வீட்டுக்கு முன்னால் தன் வீடு பெண் வீடாகக் கைகட்டி நிற்பதை ஒரு நொடி நினைத்துப் பார்த்தார். தாங்க முடியவில்லை.

“சந்தேகம் என்ன, நாங்கதான். எங்க பிள்ளதான் கடை வச்சிருக்கு, வண்டி ஓட்டுது. திரிஷா பிள்ள பின்னால உக்காந்துதான போகுது?”

“வண்டி ஓட்டுனா மாப்பிள்ளையா? அப்ப பஸ் டிரைவரு ஊருக்கே மாப்பிள்ளையா?” என்றார் சுருளி. “உங்க பிள்ளைக்குச் சோறாக்கத் தெரியுமா? அந்த மாடியில உலை வைக்கிறது யாரு, கரண்ட் போனா பீஸ் போடுறது யாரு? எல்லாம் எங்க பிள்ள. நாங்கதான் மாப்பிள்ளை வீடு.”

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. யார் வீட்டு வாசலுக்கு யார் முதலில் தட்டுத் தூக்கிக்கொண்டு வருவது, யார் காரை விட்டு இறங்கும்போது யார் ஆரத்தி எடுப்பது, பந்தியில் யார் ஆட்கள் முதலில் உட்காருவது என்று இரண்டு மாமன்களும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். கல்யாணமே கூடாது என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னவர்கள், அந்தக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் திண்டுக்கல்லிலிருந்தா மதுரையிலிருந்தா என்பது வரைக்கும் போய்விட்டார்கள். மாரிசெல்வம் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது சோணையம்மாள் எழுந்தாள். தம்பி அம்மாவாசியை உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

தன் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசினாள். கூடத்தைப் பார்த்துப் பேசவில்லை, தம்பியைப் பார்த்துப் பேசினாள். வருசநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், சாம்பாரில் உப்பு தூக்கல் என்று இலையை மடக்கிவிட்டு எழுந்து போனதையும், அவர்களைத் திருப்பிக் கூட்டிவர அவளுடைய அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியதையும் சொன்னாள். அன்றைக்கு அம்மாவாசிக்குப் பன்னிரண்டு வயது. அவனும் கூடவே அழுதுகொண்டு ஓடினான்.

“இலைய மடக்கிட்டுப் போன அந்த வீடா நம்ம இருக்கணும்ங்குற?” என்று கேட்டாள்.

அம்மாவாசி தரையைப் பார்த்தார். சுருளியும் உட்கார்ந்தார். அவரும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

“எங்கள மாப்பிள்ளை வீடா ஆக்க வேணாம் மாமா.”

வாசல் பக்கமிருந்து வந்த குரல். திரிஷா. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் அவள் பேசி பவானியே பார்த்ததில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, பவானிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டும் பொண்ணு வீடுதான். அவுகளும் பொண்ணு வீடு, நம்மளும் பொண்ணு வீடு. யாரும் யாருக்கும் ஓட வேணாம்.”

மேடையில் இருந்தவர்களுக்கு இது ஒரு வாக்கியம். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அப்படி இல்லை. முதல் வரிசையில் ஒருத்தி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் வரதட்சணை யார் கேட்பது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். கேட்பதற்கு ஆளே கிடையாது என்றாள் அவள். அப்படியென்றால் சம்பந்தி அம்மா? ரெண்டு சம்பந்தியும் அடுப்படியில் ஒன்றாக நின்று வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். தலைதீபாவளிக்கு முறைத்துக்கொள்கிறவன்? கிடையாது. கல்யாணத்தன்று மோதிரம் சின்னதாக இருக்கிறது என்று கையை இழுத்துக்கொள்கிறவன்? அவனும் கிடையாது. வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போனது. கல்யாணம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், நம்ம காலத்தில் சட்டம் போட்டிருந்தால் நானும் பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டியிருப்பேன் என்று ஏலத்தோட்டத்துக்காரி சொல்ல, பக்கத்து வீட்டுக்காரி, உன் சமையலுக்கு நான் வரமாட்டேன் என்றாள். முறுக்கு மாப்பிள்ளை இல்லாத ஒரு கல்யாணத்தை அவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போனது.

சின்னக்கருப்பு மைக்கைத் தட்டினார். இது பெரிய விஷயம், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம், அதற்குள் நாலு பேரைக் கலந்து பேசுவோம் என்று நயமாக ஆரம்பித்தார். ஒத்திவைத்தால் தை முடிந்துவிடும் என்பது பவானிக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கையிலிருந்த மைக்கை முத்துலட்சுமி எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, கைக்குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல வாங்கினாள்.

“மாரிசெல்வம், கை தூக்கச் சொல்லுங்க. எண்ணி எழுதுங்க.”

நான்கு வருஷத்தில் அந்த மைக்கில் அவள் குரல் கேட்டது அன்றைக்குத்தான். சின்னக்கருப்பு அவளைப் பார்த்தார். அவள் செயலரைப் பார்த்தாள். போன வருஷம்தான் அவர்கள் மகளை உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சில், கல்யாணம் முடிந்து மூன்று நாள் முத்துலட்சுமி யாரோடும் பேசவில்லை என்று அப்போது ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

தீர்மானத்துக்கு ஆதரவாக எழுபத்தொன்று. எதிராக இருபத்தாறு. சோணையம்மாள் கையைத் தூக்கியதை பவானி பார்த்தாள். முழுக்கத் தூக்கவில்லை, தலைமுடியைக் கோதுகிற மாதிரி காது வரைக்கும்தான். மாரிசெல்வம் எண்ணுகிறவரைக்கும் அதை இறக்கவில்லை. சுருளி எதிராகக் கை தூக்கினார். அம்மாவாசி எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அவரிடம் கேட்டபோது, பதிவேட்டில் இரண்டும் பெண் வீடு என்று தெளிவாக எழுதச் சொன்னார், பின்னால் சுருளி மாற்றிப் பேசக் கூடாது என்றார்.

கூட்டம் கலைந்தது. கூட்டத்துக்குப் போட்ட டீ ஆறிப்போயிருந்தது, அதை அப்படியே குடித்துவிட்டுப் போனார்கள். பவானி மாடிக்கு ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சண்டைக்குத் தயாராகப் போன உடம்பு, சண்டை பாதியில் வேறு திசைக்குப் போய்விட்டதால் மிச்சமிருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடியது. ஏன் வந்தாய் என்று திரிஷாவைக் கேட்டாள்.

“ஒனக்கு முறை சொல்லத் தெரியாதுல்ல,” என்றாள் திரிஷா. “ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசி கெடுத்து வச்சிருப்ப.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னக்கருப்பு. உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று, மேற்கூரையையும் நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். காலி பண்ணச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது, சாமானை எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தலைவரம்மா சொல்லிவிட்டாக என்றார். தலைவரம்மா என்று தன் மனைவியை அவர் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு, வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று இல்லை, வேறு கலர் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள் என்றார்.

“மஞ்சள்,” என்றாள் திரிஷா.

“பச்சை,” என்றாள் பவானி அதே நேரத்தில்.

மஞ்சள் அடித்தால் வீடு காமாலை வந்த மாதிரி இருக்கும் என்று பவானி ஆரம்பித்தாள். தினமும் பத்துக் காமாலையைச் சோதிக்கிறவள் நான், எனக்கு அந்த நிறம் தெரியாதா என்று திரிஷா கோட்டைக் கழற்றினாள். சின்னக்கருப்பு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். இந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு நேரம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.